மலையேறுமுன் ஒரு சொல்



கிறிஸ்து பிறப்பு விழாவின் குடிலைப் பிரித்து, வைக்கோலை அப்புறப்படுத்திக் கொண்டிருந்த ஒரு மாலையில், எம் பங்கு இளைஞர்கள் எட்டுப் பேர் வந்து வரிசையாக நின்றனர். ஏதோ விளையாட்டுப் போட்டிக்கு நன்கொடை கேட்க வந்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன். அவர்கள் கேட்டதோ வேறு. இலங்கை மலைநாட்டுக்குத் தாங்கள் போக வேண்டும். சரிந்து கிடக்கும் மண்ணை அள்ளி, இடிந்த சுவரை எழுப்பித் தர வேண்டும். பங்கின் பெயரால் அதற்கு ஒப்புதலும் ஓரளவு பணமும் வேண்டும்.

2025 நவம்பர் 28-ஆம் நாள் இலங்கையின் கிழக்குக் கரையேறிய 'டித்வா' புயலை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் கரையிலும் வானம் பிளந்து கொட்டியது. ஆனால் நமக்குத் தெருவில் தண்ணீர் நின்றதோடு பெரும்பாலும் முடிந்தது. அக்கரையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகளே சரிந்தன. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் கணிசமானோர் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள். இளைஞர்கள் அந்தப் படங்களைக் கண்டு மனம் பொறாது வந்திருந்தனர்.

பங்குப் பேரவையில் இதை வைத்தேன். இரண்டு மணி நேரம் நடந்த அந்தக் கூட்டத்தை நான் எளிதில் மறவேன்.

முதலில் எழுந்தவர், அறுபது ஆண்டுகளாகக் கடலை அறிந்த ஒரு பெரியவர். "என் மருமகன் இரண்டு தடவை அக்கரைச் சிறையில் கிடந்து வந்தவன், சாமி. படகு இன்னும் அங்கேதான் மக்கிக் கொண்டிருக்கிறது. அந்த நாட்டுக்கா நம் பிள்ளைகள் போய்ச் சுவர் எழுப்ப வேண்டும்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட நோவே மிகுந்திருந்தது. அதற்கு அவையில் எவரும் உடனே மறுமொழி கூறவில்லை, நானும் கூறவில்லை. அக்கரை மீனவரும் நம் இழுவை மடிகளைப் பற்றி இதேபோல் நொந்து பேசுகின்றனர் என்பது நாம் அறியாததன்று. ஆயினும் கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்களுள் பலர் கடலைக் கண்ணால் கண்டதுகூட இல்லை.

அடுத்து எழுந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கையில் ஒரு தாள். எட்டுப் பேருக்கு விமானக் கட்டணம், தங்கும் செலவு, வழிச்செலவு எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகைக்கு எத்தனை கூரைத் தகடுகள் வாங்கலாம் என்று கணக்கிட்டுக் கொண்டு வந்திருந்தார். "பிள்ளைகள் போய்ப் பத்து நாள் நின்று படம் பிடித்துக் கொண்டு வருவதைவிட, பணத்தை அனுப்பினால் நான்கு குடும்பம் நனையாமல் படுக்கும்," என்றார். இளைஞர்களின் முகம் வாடிற்று. எனக்கோ அவர் என்னையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது போல் இருந்தது. ஏனெனில், அவர் சொன்ன அந்தத் தவற்றை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்தவன். அன்று அவையில் கூறியதையே இங்கு எழுதுகிறேன்.

2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், முத்திப்பேறு பெற்ற யோசேவாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அந்தப் பெருவிழாவுக்கு அப்போது நான் பணியாற்றிய பங்கிலிருந்து பன்னிரண்டு பேரை அழைத்துச் சென்றிருந்தேன். திரும்பும் முன் மலைநாட்டில் மூன்று நாள் 'பணி முகாம்' நடத்துவது என்றும் ஏற்பாடு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2014 அக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து மலை சரிந்து, லயங்களை அப்படியே மூடியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம். மாலையில் வீடு திரும்பியோர் வீடிருந்த இடத்தையே காணவில்லை. அந்தச் செய்தி எம்மைத் தூண்டியிருந்தது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு, அவ்விடத்துக் குருவானவர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். கொண்டு போன மூட்டைகளைப் பிரித்தபோதே முதல் வெட்கம். மெல்லிய பருத்திச் சேலைகள், அரைக்கைச் சட்டைகள். நம் கடற்கரை வெயிலுக்கு ஏற்றவை. அங்கோ ஜனவரிக் குளிரில் விடியற்காலம் பல் கிட்டும். கம்பளியைப் பற்றி எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிறுபிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளும் கூடத்துக்கு வெள்ளையடித்தோம். அதை அவர்களே ஒரே நாளில் செய்திருப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எம்முடன் வந்த வாலிபர்கள் சளி ஒழுகும் குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்ததை மாலையில் கடிந்துகொண்டேன். கடிந்துகொண்ட நானும் ஒரு படத்தில் நிற்கிறேன்.

இரண்டாம் நாள் மதியம்தான் இன்னொன்றை அறிந்தேன். எங்களுக்குச் சமைத்துப் போட்ட மூன்று பெண்களும் அன்று வேலைக்குப் போகவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதிக் கூலி. எங்களுக்குச் சோறாக்க அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரை இழந்திருந்தனர். அவர்களது நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்க வேண்டும் என்னும் நெடுநாள் கோரிக்கை 2021-இல்தான் அரசாணையாயிற்று. அதுவும் இலங்கை ரூபாய். அன்றைய மதிப்பில் நம் பணம் நானூறுக்கும் குறைவு. பணி செய்யப் போன நாங்கள், அவர்கள் கூலியை உண்டு கொண்டிருந்தோம்.

அன்று மாலை, எங்களுள் இளையவனான ஒரு பையன், லயத்து வாசலில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவரிடம், "அப்பத்தா, கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்," என்று கேட்டான். அவர் தண்ணீர் கொடுக்காமல் அவனையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "நீ எந்த ஊருத் தம்பி?" என்றார். இராமநாதபுரம் பக்கம் என்றதும் எழுந்து நின்று விட்டார். அவருடைய தாத்தாவின் ஊர் முதுகுளத்தூருக்கு அருகே ஒரு சிற்றூர். அதன் பெயரை ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னார். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அவருடைய தந்தையாரும் பார்த்ததில்லை. அவர் எங்களைக் கேட்ட முதற்கேள்வி, "அங்கே இப்போ மழை பேயுதா சாமி? கம்மாயில தண்ணி நிக்குதா?" என்பதே.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு முன் நான் நாணி நின்றேன். மண்டபம் முகாமைக் கடந்து ஆயிரம் முறை போயிருப்பேன். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று எம் இளைஞர்க்கு ஒருபோதும் சொன்னதில்லை. ஆகவே இவ்விடத்தில் சற்று நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலேயர் 1820-களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கிய நாள் முதல், பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிப் புறப்பட்ட நம் மாவட்டத்து ஏழைகள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் தோணி ஏறினார்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்தாரும் இவ்வழியே வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பல்லாயிரவரைக் கொண்டு போயின. காப்பிச் செடியை 1869-க்குப் பின் நோய் அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும் என்பதால் வந்தவர்கள் திரும்பாமல் குடும்பமாய்த் தங்கினர். பின்னர் மண்டபத்தில் அமைந்த முகாமில் அவர்களைப் பல நாள் நிறுத்தி, நோய் பார்த்துக் கப்பலேற்றினார்கள். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பிய காலமும் உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடியதும் நாம் பெருமையோடு நினைவுகூர்வன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தபோதும் அப்பழைய பாலத்தின் புகழைப் பேசினோம். அதன்மேல் ஓடிய வண்டிகளில் மலைநாட்டுக்குப் போனோர் எத்தனை பேர் என்பதை யாரும் பேசக் கேட்டிலேன்.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் அவர்களுள் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, அவர்களை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். இம்மக்களைக் கேட்டு ஒன்றும் செய்யவில்லை. கையெழுத்திட்டு இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவில், புயல் தனுஷ்கோடியையே அழித்தது. ஆகவே திரும்பி வந்தோர் இராமேசுவரத்தில் இறங்கினர்; அதே மண்டபம் முகாமில் பதியப்பட்டனர். அங்கிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரி ரப்பர்த் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் சிதறினார்கள். உள்நாட்டுப் போர் மூண்டு 1984-இல் கப்பல் நின்றது. இலங்கையில் தங்கியவர்களுள் எஞ்சிய நாடற்றோர் பலருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆயிற்று. போகும்போதும் நம் வாசல். வரும்போதும் நம் வாசல். வாசலில் குடியிருந்த நாம் உள்ளே அழைத்தோமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் பாட்டன் பாட்டியரைக் கேட்டுக் கொள்ளட்டும்.

அந்த முதியவரிடம் திரும்புவோம். அவருடைய அண்ணன் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது; அவருடைய கணவர் இலங்கையில் தங்க எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள், 1972-இல் ஹட்டன் நிலையத்தில் பிரிந்தார்கள். அந்த இரயிலை அங்கே 'அழுகைக் கோச்சி' என்று இன்றும் சொல்கிறார்கள். சில ஆண்டுகள் கடிதம் வந்தது. 1983 கலவரத்தில் இவர்கள் தோட்டம் மாறி ஓடினார்கள்; அதன்பின் கடிதமில்லை. கடைசியாக வந்த உறையை மட்டும் எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருந்தார். பின்புறத்தில் கோத்தகிரி அஞ்சல் என்று எழுதியிருந்தது. "சீலையெல்லாம் வேணாம் சாமி. எங்க அண்ணன் உசுரோட இருக்கா, இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க," என்றார்.

எங்கள் பன்னிரண்டு பேரின் பயணத்தில் எவருக்கேனும் உண்மையில் தேவைப்பட்டது இந்த ஒன்றே. அது எங்கள் திட்டத்தில் இல்லாதது.

ஊர் திரும்பி, நீலகிரியில் பணியாற்றும் ஒரு நண்பர் குருவுக்கு எழுதினேன். தண்ணீர் கேட்ட அந்தப் பையனும் அவன் தோழனும் இரண்டு முறை கோத்தகிரி போய் வந்தார்கள். உறையிலிருந்த முகவரியில் இப்போது வேறு குடும்பம். தேயிலைக் கழகத் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் குடியிருப்பு ஒவ்வொன்றாகக் கேட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு என்று புரட்டி (அக்குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் அன்று என்பது இடையில்தான் எங்களுக்கு உறைத்தது!), ஏறத்தாழ ஐந்து மாதம் ஆயிற்று. அண்ணன் பல ஆண்டுகளுக்கு முன்னரே இறந்திருந்தார். மகன் இருந்தார்; தந்தை செய்த அதே கொழுந்து வேலை. எங்கள் பையன்கள் சொல்லி முடிக்குமுன் அவர் கேட்டது: "அத்தை இருக்காங்களா?"

தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்தோம். நான் அங்கில்லை. கோத்தகிரிப் பக்கத்தில் முதல் சில நிமிடம் ஒன்றும் பேச்சே எழவில்லை என்றும், பிறகு அத்தை திட்டத் தொடங்கினார் என்றும் பையன் சொன்னான். முப்பது ஆண்டுகளாக ஒரு காகிதம் போடாததற்குத் திட்டு. மருமகன் பதிலுக்கு அழுதுகொண்டே சிரித்தாராம்.

இதைச் சொல்லி முடித்தபோது, தாள் கொண்டுவந்த ஆசிரியர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆயினும் அவர் கணக்குத் தவறன்று என்பதையும் நான் அவையில் கூறினேன். இப்பொழுதும் கூறுகிறேன். உடலுழைப்புக்கு அங்கே ஆள் பஞ்சமில்லை. மண் அள்ளவும் சுவர் எழுப்பவும் தெரிந்தவர்கள் அவர்கள். இருநூறு ஆண்டுகளாக அம்மலைகளைத் திருத்தியவர்கள். எட்டுப் பேரை ஏற்றிக் கொண்டு போய் அவர்கள் அடுப்பின் முன் உட்கார வைப்பது தருமம் ஆகாது.

யோசேவாஸ் அடிகளாரின் வரலாற்றைப் பாருங்கள். கோவையில் பிறந்தவர் அல்லர், கோவாவில் பிறந்தவர் (எழுத்துப் பிழை என்று திருத்தி விடுகிறார்கள், ஆகவே சொல்கிறேன்). கத்தோலிக்க மறையை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த நாட்டுக்குள், 1687-இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் இறங்கினார். 1692-இல் கண்டி மலைநாட்டுக்கு ஏறியதும் அவருக்குக் கிடைத்த வரவேற்பு, ஒற்றன் என்று சிறை. அச்சிறையில் அவர் செய்த வேலை சிங்களம் கற்றது. அம்மை நோய் 1697-இல் கண்டியைத் தாக்கியபோது, பெற்றவரே நோயாளியைக் காட்டில் விட்டு ஓட, குடிசை கட்டி அவர்களைக் கிடத்திக் கஞ்சி ஊட்டிப் புண் கழுவினார். அதற்குமுன் ஐந்தாண்டு அவர் அங்கேயே இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். 1711-இல் அங்கேயே இறந்தார். திரும்பி வந்து படம் காட்டவில்லை. அவர் கண்டி சேர்ந்த அடுத்த ஆண்டில், 1693 பிப்ரவரியில், நம் ஓரியூர் மணலில் அருளானந்தர் தலை கொடுத்தார். அவரும் நம்மிடம் வந்த அயலாரே. வந்தபின் அயலாராக இருக்கவில்லை. மலைநாட்டிலிருந்த எலிசபெத்தம்மாளைக் காண விரைந்த மரியன்னையும் அங்கே மூன்று மாதம் தங்கினார் என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார்.

ஆகவே பங்குப் பேரவை முடிவு செய்தது இது. எட்டுப் பேர் அல்லர், நால்வர். ஒருவர் மின்பணி அறிந்தவர், ஒருவர் கொத்தனார், ஒருவர் செவிலியர். நான்காமவர் ஆசிரியப் பயிற்சி முடித்த பெண். கையெழுத்து அச்சுப் போன்றது. அவர் வேலை என்னவென்று கீழே காண்பீர்கள். மற்ற நால்வரின் செலவுக்கான தொகை, கூரைத் தகட்டுக்காக, மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கம் வழியாக முறைப்படி இலங்கைத் திருச்சபையின் கருணை அமைப்புக்கு முன்கூட்டியே போகும். பத்து நாள் அன்று. ஒரு மாதம் தங்குவார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால், கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் வருமானத்தை இழக்காமல் போய் வரலாம். சமையல் பாத்திரமும் அரிசி வாங்கும் பணமும் அவர்களோடு போகும். அங்கே எவரும் ஒரு பேரும் இழக்கலாகாது. கம்பளி மறவாமல் வாங்கியாயிற்று. படம் எடுக்கும் கைப்பேசி ஒன்றே ஒன்று, அதுவும் செவிலியரிடம்.

மருமகனைச் சிறையில் பார்த்த பெரியவர் கடைசி வரை இசையவில்லை. நான் வற்புறுத்தவுமில்லை. ஆனால் கூட்டம் கலைந்தபின் கோயில் முற்றத்தில் காத்திருந்து, தம் தாயாரின் தங்கை ஒருத்தி கங்காணியோடு போனவள் என்றும், பண்டாரவளைப் பக்கம் என்று கேள்வி என்றும் சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தில் அவள் பெயரை எழுதித் தந்தார். "இருக்க மாட்டாள், சாமி. பிள்ளைகள் இருக்கலாம்," என்றார்.

அந்தக் காகிதம்தான் முதலாவது. இதனை வாசிக்கும் குடும்பங்களுள், மலைநாட்டுக்குப் போய்த் தொடர்பு அறுந்த உறவினர் உடையோர் இருப்பின், உறவினரின் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், தெரிந்தால் தோட்டத்தின் பெயர், பிரிந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி, மார்ச் மாத இறுதிக்குள் தங்கள் பங்குத்தந்தையிடம் கொடுத்தால் எங்களிடம் வந்து சேரும். அதுபோலவே, உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பி நம் ஊர்களில் குடியமர்ந்தோரும் எழுதலாம். பழைய உறைகள், கடவுச்சீட்டுகள் இருந்தால் மூலத்தைத் தரவேண்டாம், படியெடுத்துத் தாருங்கள். எந்த மதத்தினராயினும் சரி. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலும் போதும்; நான்காமவர் எழுதிக் கொள்வார்.